பின்படியில் அடுக்கிய அரிசி

போன வாரம் என் பழைய தீயணைப்பு நிலையத்திலிருந்து போன் வந்தது. இப்போது அங்கே நிலைய அலுவலராக இருப்பவர் பேசினார். குரலில் அழுகை ஒன்றுதான் பாக்கி.

"சார், இனிமே அடுக்குமாடி ஆய்வுக்குப் போனா ஒவ்வொரு மாடிப்படியையும் செல்போன்ல படம் எடுத்து ஏத்தணுமாம். ஏழு மாடி, ரெண்டு படிக்கட்டு. ஏறி இறங்கியே முட்டி தேஞ்சிரும் போல. நீங்கல்லாம் கொடுத்து வச்சவங்க சார். பார்த்தீங்க, எழுதினீங்க, வந்தீங்க."

நான் சிரித்துவிட்டேன். பார்த்தோம், எழுதினோம், வந்தோம் என்பதெல்லாம் சரிதான். பார்த்ததைத்தான் எழுதினோமா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் போனை வைத்திருப்பேன். கேட்காததால் நானே எழுதுகிறேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவர் படித்துக் காட்டுவதானால் காட்டட்டும். கட்டடத்தின் பெயரை மட்டும் சொல்ல மாட்டேன். என் அக்காள் இன்னும் அங்கேதான் குடியிருக்கிறாள். அந்த வீட்டில் எனக்குச் சாப்பாடு நின்றுவிடக் கூடாது.

தீயணைப்புத் துறையில் பயிற்சிக் காலம் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஹோஸ் சுருட்டினோம், ஏணி ஏறினோம், வெயிலில் ஓடினோம், யாராவது ஒருவர் விசில் ஊதிக்கொண்டே இருந்தார். வெளியே வரும்போது எவ்வளவு பெரிய தீயானாலும் ஒரு கை பார்த்துவிடலாம் என்ற நினைப்பு. ஆனால் இந்தக் காவிரிப் பக்கத்தில் முதல் பதினைந்து வருடம் எனக்கு வாய்த்ததெல்லாம் வைக்கோல் போர், கிணற்றில் விழுந்த மாடு, சீர்காழியில் ஒரு வீட்டுக் குளியலறைக்குள் புகுந்த சாரைப்பாம்பு. பாம்பைப் பிடித்ததற்கு அந்த வீட்டார் கைதட்டினார்கள். மாட்டைத் தூக்கிவிட்டதற்கு மாடு உதைத்தது.

பிறகு தஞ்சாவூரைச் சுற்றி அடுக்குமாடிகள் வந்தன. வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, பிள்ளைகளைச் சென்னைக்கும் துபாய்க்கும் அனுப்பிவிட்டு, வயதானவர்கள் ஐந்தாவது மாடியிலும் ஏழாவது மாடியிலும் குடியேறினார்கள். எங்கள் வண்டியில் இருந்த ஏணி மூன்றாவது மாடிவரை போகும். அதற்கு மேலே இருக்கிறவர்கள் படியில்தான் இறங்க வேண்டும். இதை எத்தனையோ கூட்டத்தில் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் எல்லோரும் தலையை ஆட்டிவிட்டு லிஃப்டில் ஏறிப் போனார்கள்.

அப்போது நான் நிலைய அலுவலர், எங்களுக்கு மாவட்ட அலுவலராக வந்தவர் தனபால் சார். ஒடிசலான ஆள். குரலை உயர்த்தி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. திட்டுவதாக இருந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார். என்ன திட்டினார் என்று கேட்க நாம்தான் காதைப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டும். எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் அவர் உதடு அசையும். ஜபம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். படி எண்ணுகிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. கல்யாண மண்டபத்தில் பந்திக்கு உட்காரும் முன்னால் பின்வாசலைத் தேடிப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். பெண் வீட்டார் அவர் கை கழுவும் இடத்தைத் தேடுகிறார் என்று நினைத்துத் தண்ணீர்ச் செம்போடு பின்னாலேயே ஓடுவார்கள்.

அவரோடு நான் போன முதல் ஆய்வு அந்த ஏழு மாடிக் கட்டடம்தான். மேலே போனதும் என் தோளில் கிடந்த துண்டை வாங்கி என் கண்ணைக் கட்டிவிட்டார்.

"இறங்குங்க சிங்காரம்."

"சார், கண்ணைக் கட்டிக்கிட்டு எப்படி சார்?"

"புகையில கண்ணு எதுக்கு? கண்ணு இருந்தா நீங்க டைல்ஸத்தான் பார்ப்பீங்க."

இறங்குவதற்கு அவர் வைத்திருந்த முறையை இப்போதும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். சுவரை உள்ளங்கையால் தொடக் கூடாது, புறங்கையால்தான் தொட வேண்டும். அறுந்த மின்கம்பி பட்டால் உள்ளங்கை அதைப் பிடித்துக்கொள்ளும், புறங்கை உதறிக்கொள்ளும். காலைத் தூக்கி வைக்கக் கூடாது, தேய்த்துத் தேய்த்து விளிம்பைத் தேட வேண்டும். ஒவ்வொரு படியையும் வாய்விட்டு எண்ண வேண்டும். கதவு வந்தால் உடனே திறக்கக் கூடாது. புறங்கையால் மேலிருந்து கீழே தடவிப் பார்த்து, சுட்டால் விட்டுவிட வேண்டும். நான் பதினோரு படி எண்ணி இறங்கினேன். பன்னிரண்டாவது படியில் முழங்கால் எதிலோ மோதிக் குப்புற விழுந்தேன். வலிக்கவில்லை. விழுந்த இடம் மெத்தென்று இருந்தது. மூக்கில் சாக்கு வாசனை அடித்தது.

துண்டை அவிழ்த்துப் பார்த்தால், அரிசி மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடக்கிறேன்.

அந்தக் கட்டடத்தில் இரண்டு படிக்கட்டுகள். லிஃப்டைச் சுற்றிப் போகும் முன்படி எல்லோரும் பார்க்கிற படி. பின்பக்கம் கதவு வைத்து மூடிய படி ஆபத்துக்காகக் கட்டியது. கட்டியவர்கள் அப்படித்தான் நினைத்தார்கள். குடிவந்தவர்கள் எல்லோரும் நிலம் உள்ளவர்கள். கடை அரிசியைச் சாப்பிட்டால் தொண்டையில் இறங்காத கூட்டம். குத்தகைக்காரர் அறுவடை முடிந்ததும் வருடத்து அரிசியைக் கொண்டுவந்து இறக்கிவிடுவார். அதைப் புதிதாகச் சமைத்தால் சோறு குழைந்துவிடும், ஒரு வருடமாவது வைத்துப் பழசாக்கித்தான் உலையில் போடுவார்கள். ஆகவே சாப்பிடுகிற அரிசி ஒரு வருடத்துக்கு, காத்திருக்கிற அரிசி இன்னொரு வருடத்துக்கு. இரண்டு படுக்கையறை வீட்டில் இதை எங்கே வைப்பது? யாரும் நடக்காத ஒரு படிக்கட்டு சும்மா கிடக்கிறதே, அங்கே வைப்பது. படி திரும்புகிற மேடைகளைச் சாக்பீஸால் கோடு போட்டுப் பங்கு பிரித்திருந்தார்கள். எலி வராமல் இருக்க மாடிக்கு மாடி கதவில் பூட்டு, மாடிக்கு ஒரே சாவி. நெல் கொட்டி வைக்கும் பெட்டி மாதிரி அந்தப் படிக்கட்டுக்குப் பத்தாயம் என்று பெயர்கூட வைத்துவிட்டார்கள். "லிஃப்ட் வேலை செய்யல, பத்தாயத்துல போங்க" என்று ஒருவர் சொல்லியும் நான் கேட்டதில்லை. அங்கே ஆள் போக முடியும் என்பதே அவர்களுக்கு மறந்துவிட்டது.

தனபால் சார் ஏழு மாடியையும் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "நல்லா பராமரிக்கிறாங்க. ஒரு வண்டு இல்ல," என்றார். கீழே வந்து நோட்டீஸ் எழுதச் சொன்னார்.

குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் மாணிக்கவாசகம், ஓய்வுபெற்ற துணைத் தாசில்தார். அவருக்கு நோட்டீஸ் அனுப்புவது மீனுக்கு நீச்சல் சொல்லிக்கொடுப்பது மாதிரி. முதல் நோட்டீஸுக்கு, "பார்வையில் கண்ட கடிதம் கிடைக்கப்பெற்றது, பொருள் பரிசீலனையில் உள்ளது" என்று பதில் வந்தது. இரண்டாவதற்கு, பரிசீலனை நிலுவையில் உள்ளது என்று வந்தது. மூன்றாவதற்கு, படிக்கட்டு என்பதன் எல்லை எதுவரை என்று நாங்கள் விளக்கம் தர வேண்டுமாம். தனபால் சார் அதை இரண்டு முறை படித்து ரசித்தார். "இவர் சர்வீஸ்ல இருந்தப்போ பட்டா மாத்தப் போனவங்க கதிய நினைச்சுப் பாருங்க," என்றார்.

சரி, ஒத்திகை வைத்துப் புரியவைப்போம் என்று முடிவானது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மணி அடிக்கும், எல்லோரும் பின்படியால் இறங்கி வர வேண்டும். மாணிக்கவாசகம் அதற்கு நோட்டீஸ் அச்சடித்து, கீழே "அனைவரும் குடும்பத்துடன் வருக" என்று போட்டுவிட்டார். மணி அடித்தது. எல்லோரும் லிஃப்டில் வந்தார்கள். பெண்கள் பட்டுப்புடவையில் வந்தார்கள். ஏன் படியில் வரவில்லை என்று கேட்டேன். "அரிசி மிதிபடுமே சார்," என்று ஒரு அம்மாள் என்னைப் பார்த்த பார்வையில் நானே வெட்கப்பட்டேன். தோட்டத்தில் போண்டா, காபி. தண்ணீர் பீய்ச்சிக் காட்டச் சொன்னார்கள், காட்டினோம். கைதட்டினார்கள். சாரைப்பாம்புக்குப் பிறகு எனக்குக் கிடைத்த இரண்டாவது கைதட்டல்.

ஒரே ஒருவர் மட்டும் போண்டாவைத் தொடவில்லை. ஏழாவது மாடியில் இருக்கும் ஷாகுல் ஹமீது பாய். ஜவுளிக்கடை வைத்திருந்தவர், கனத்த உடம்பு, முழங்கால் தேய்ந்து அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார். மகன் துபாயில். வீட்டில் அவரும் அவர் மனைவி ஜுலைகா அம்மாவும்தான். தடியை ஊன்றிக்கொண்டு தனபால் சாரிடம் வந்தார்.

"எல்லாரும் எறங்கிருவாங்க. என்னால எறங்க முடியலன்னா என்னங்க பண்றது?"

தனபால் சார் அன்று முழுக்க அந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்திருப்பார் போல. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். வெளியே புகை என்றால் வீட்டுக் கதவைச் சாத்துங்கள், பூட்டாதீர்கள். கதவுக்கடி இடுக்கில் ஈரத் துணியை அடையுங்கள். பால்கனி உள்ள அறைக்குப் போய் அந்த அறைக் கதவையும் சாத்துங்கள். கண்ணில் படுகிற நிறத்தில் ஒரு துணியை ஆட்டிக்கொண்டே இருங்கள். குதிக்கிற யோசனை வந்தால் தரையில் உட்கார்ந்துகொள்ளுங்கள். அரை மணி நேரம் சொன்னார். பாய் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிக் காட்டினார். பின்னால் போண்டா தீர்ந்துவிட்டது என்று யாரோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

இனி என் லட்சணத்துக்கு வருகிறேன்.

அதற்கடுத்த பங்குனியில் மறு ஆய்வுக்கு நான் தனியாகப் போனேன். ஒன்றாவது மாடியிலிருந்து ஆறாவது மாடிவரை எந்தப் படிமேடையில் யாருடைய மூட்டை என்று பெயர் பெயராக எழுதிக்கொண்டு ஏறினேன். அன்று எனக்கே என்னைப் பிடித்திருந்தது. ஏழாவது மாடிக்கு ஏறும் படியில் நின்றேன். சுவரிலிருந்து சுவர் வரைக்கும், கதவு வரைக்கும் மூட்டை. எண்ணினேன், இருபத்தாறு. கதவுக்குப் பின்னால் சாவிக்கொத்து குலுங்கும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. மூட்டைகளுக்கு மேலே என் அக்காள் மரகதத்தின் முகம் மட்டும் தெரிந்தது.

ஆமாம், ஏழாவது மாடியில் பாய் வீட்டுக்கு எதிர்வீடு என் அக்காள் வீடு.

"என்னடா தம்பி, பத்தாயத்து வழியா வர்றே? முன்னாடி வா. வேர்த்துக் கொட்டுது பாரு. மோர் குடி."

"அக்கா, இதையெல்லாம் எடுக்கணும்."

"எடுத்து? உன் தலையில வைக்கவா? ஹால்ல வச்சா சோபாவ எங்க போடுறது?"

"ஏதாவது ஆச்சுன்னா எறங்கற வழி இது."

"என்ன ஆயிடும்? வாயக் கழுவு. பிள்ளைங்க சென்னையில கடை அரிசி திங்குதேன்னு நான் பஸ்ல போட்டு அனுப்பறேன். புது அரிசி இன்னும் ஆறு மாசம் கெடக்கணும். பொங்கலுக்குள்ள பாதி தீந்துரும், போ. மொதல்ல சாப்பிடு."

சாப்பிட்டேன். வத்தக்குழம்பு, சுட்ட அப்பளம், பழைய அரிசிச் சோறு. ஒவ்வொரு பருக்கையும் தனித்தனியாக நின்றது. அதையும் உள்ளபடி சொல்லிவிட வேண்டும், அந்த அரிசி ஒரு வருடம் காத்திருந்தது வீண் போகவில்லை. கை கழுவிவிட்டு வெளியே வந்து, பாய் வீட்டு வாசல் பக்கம் நின்றபடி படிவத்தை எடுத்தேன். ஒல்லியான ஆள் ஒருக்களித்து மூட்டை மேல் தவழ்ந்தால் போய்விடலாமே என்று மனதுக்குள் ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். "ஏழாவது மாடி: தடை ஏதுமில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பாய் அறுவை சிகிச்சை முடிந்து, நான்குகால் ஊன்றியைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். "வெயில் ஜாஸ்தி ஆபீசர், பார்த்துப் போங்க," என்றார். நானும் சிரித்துவிட்டு வந்தேன்.

ஆவணி பிறந்தது. ஒரு முகூர்த்த நாள், காலை பதினோரு மணி. அக்காள் திருப்பனந்தாளில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். நானும் போயிருக்க வேண்டியது, வேலை இருந்ததால் நிலையத்தில் இருந்தேன். அழைப்பு வந்தது. முகவரியைக் கேட்டதும் எழுதிக்கொள்ளாமலே வண்டிக்கு ஓடினேன்.

போய்ச் சேர்ந்தபோது முன்பக்கம் இரண்டாவது மாடிக்கு மேலே கரும்புகை. முன்படியை ஒட்டி மின்கம்பிகள் மேலேறும் சுவர்ப்பொந்தில் தீ. தீ சின்னதுதான். ஆனால் முன்படி முழுக்கப் புகைபோக்கி ஆகிவிட்டது. மின்சாரத்தைத் துண்டித்தோம், லிஃப்ட் நின்றது. ஒரு குழுவை, மின்தீயை அணைக்கும் உலர்பொடியோடு தீயிடம் அனுப்பினேன். மாணிக்கவாசகம் கையில் பெயர்ப்பட்டியலோடு நின்றார். அந்த மனிதரைப் பற்றி எவ்வளவோ கிண்டல் செய்திருக்கிறேன், அன்று அவர் பட்டியல் கனகச்சிதம். ஆறு மாடி வரைக்கும் வீட்டில் இருந்தவர்கள் அவரவர் பூட்டைத் திறந்து, அவரவர் மூட்டை மேல் ஏறி விழுந்து, சிராய்ப்போடு வந்து சேர்ந்திருந்தார்கள். "ஏழாவதுல பாயும் அந்தம்மாவும் மட்டும்தாங்க பாக்கி. பின்கதவு பூட்டியிருக்கு. சாவி..." என்று என்னைப் பார்த்தார். சாவி யார் இடுப்பில், எந்தக் கல்யாணத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

சட்டைப்பையில் போன் அடித்தது.

"ஆபீசர், ஹமீது பேசறேன். கதவச் சாத்திட்டேன். ஈரத் துணி வச்சுட்டேன். புறங்கையால தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுன்னு இருக்கு. பால்கனியில ஜுலைகா தலையில போடுற செவப்பு தாவணிய ஆட்டுறா. உங்க சார் சொன்னது எல்லாத்தையும் பண்ணிட்டேன். இனிமே பாக்கி உங்க வேலை."

நிமிர்ந்து பார்த்தேன். ஏழாவது மாடியில் ஒரு சிவப்புத் துணி ஆடிக்கொண்டிருந்தது. எங்கள் ஏணியை முழுக்க நீட்டினாலும் அதற்குப் பாதி தூரம்கூடப் போகாது.

மூன்று பேரை அழைத்துக்கொண்டு பின்படியில் ஏறினேன். சுவாசக் கருவி முதுகில், கடப்பாரை கையில். ஆறாவது மாடி வரை மற்றவர்கள் மிதித்துப் போட்ட வழி இருந்தது. அதற்கு மேலே, தீர்ந்த இடத்தில் வேறு வந்து, அதே இருபத்தாறு மூட்டை. உருட்டிவிட்டால் கீழே வழி அடைத்துவிடும். ஆகவே ஒவ்வொன்றாகத் தூக்கி, கீழ்ப்படிமேடையில் ஓரமாக, ஆள் போகும் வழி விட்டு அடுக்க வேண்டும். குத்தாலத்துக்காரர் அன்பழகன் எங்களில் பலசாலி. ஐந்தாவது மூட்டை அவர் கையில் கிழிந்தது. அரிசி படியெல்லாம் கொட்டியது. பூட்ஸ் காலுக்கடியில் அரிசி வந்தால் என்ன ஆகும் என்று எந்தப் பயிற்சியிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அன்பழகன் ஆறு படி உட்கார்ந்தபடியே வழுக்கிப் போய் நின்றார். எழுந்து, "சார், நெருப்புல சாவேன்னு நெனச்சேன், அரிசியிலயா?" என்றார். காலி சாக்கைப் படியில் விரித்து அதன்மேல் கால் வைத்து மறுபடி தூக்கினோம்.

அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றியது என்று மறைக்காமல் சொல்கிறேன். பயம். பாய் செத்துப்போவார் என்ற பயம் முதலில். அதற்குப் பக்கத்திலேயே, அவர் செத்தால் என் கையெழுத்து வெளியே வருமே என்ற பயம். இரண்டாவதை நினைத்ததற்காக இன்றைக்கும் என்னை எனக்குப் பிடிக்கவில்லை. ஒவ்வொரு மூட்டையிலும் சிவப்பு மையில் 'மர' என்று எழுதியிருந்தது, அக்காளின் பெயர். அந்த எழுத்தை என் தோளில் சுமந்து சுமந்து இறக்கினேன்.

கடைசி மூட்டை நகர்ந்ததும் கடப்பாரையைக் கீல் பக்கம் கொடுத்துக் கதவைப் பெயர்த்தோம். உள்ளே வீடுகளுக்கு நடுவில் இருந்த கூடத்தில், எதிரில் நீட்டிய என் கையே எனக்குத் தெரியவில்லை. புறங்கையைச் சுவரில் வைத்து அடி எண்ணி நடந்தேன். பாய் வீட்டுக் கதவு பூட்டப்படவில்லை, தள்ளியதும் திறந்தது. ஈரத் துணி காலில் சுருண்டது. பால்கனி அறையில் காற்று நன்றாகவே இருந்தது. பாய் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஜுலைகா அம்மா என்னைப் பார்த்த பிறகும் தாவணியை ஆட்டுவதை நிறுத்தவில்லை. நிறுத்தலாம்மா என்று நான்தான் கையைப் பிடித்துச் சொன்னேன்.

பாயைச் சாப்பாட்டு மேசை நாற்காலியில் உட்கார வைத்து, இடுப்பைச் சேர்த்துக் கட்டினோம். மேலே இருவர், கீழே இருவர். மாற்று முகமூடியை அவருக்குப் போட்டோம். அந்தம்மா ஈரத் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு என் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு வந்தார். கூடத்தைத் தாண்டிப் படிக்கு வந்ததும் பாய் முகமூடியை விலக்கிக் கீழே பார்த்தார்.

"அடடா, இவ்வளவும் கொட்டிருச்சா? பார்த்து ஆபீசர், மிதிக்காமப் போங்க."

உயிர் போகிற நேரத்தில் அக்காள் வீட்டு அரிசிக்காக வருத்தப்படுகிறாரே, எவ்வளவு நல்ல மனிதர் என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கீழே வந்து சேர்ந்தோம். இருவருக்கும் ஒன்றுமில்லை, கொஞ்சம் இருமல். அதற்குள் அக்காளுக்குச் செய்தி போய்விட்டது. மண்டபத்து நாயனச் சத்தத்துக்கு நடுவே போனில் கத்தினாள்.

"அரிசி நனஞ்சிருச்சாடா?"

"படியெல்லாம் கொட்டிக் கெடக்கு. பாய் வீட்ல ரெண்டு பேரும் உள்ள இருந்தாங்க," என்றேன்.

"பாய்? பாய் வந்துட்டாராடா?" என்றாள். வந்துவிட்டார் என்றேன். மண்டபத்திலேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். "சாவி என்கிட்டல்லடா இருக்கு, சாவி என் இடுப்புலல்லடா இருக்கு," என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

பிற்பகலில் தனபால் சார் வந்தார். பின்படியில் உதடு அசைய ஏறினார். ஆறாவது மாடி தாண்டியதும் அவர் செருப்புக்கடியில் அரிசி நறநறத்தது. நின்றார். கையில் என் பங்குனி மாத ஆய்வறிக்கை.

"இது என்ன சிங்காரம்?"

"அரிசிங்க சார்."

"இதுல இல்லையே."

மிகவும் மெதுவாகச் சொன்னார். காதைக் கொண்டுபோக வேண்டிய அவசியம் இருக்கவில்லை. விபத்து அறிக்கைப் படிவம் ஒன்றை நீட்டினார். "காலையில கொடுங்க. படிச்சிட்டுப் பேசறேன்," என்று இறங்கிப் போய்விட்டார். அந்தப் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு: தப்பும் வழியில் தடை, அதற்குப் பொறுப்பானவர்.

எழுதும் முன்னால் பாயிடம் நானே சொல்லிவிட வேண்டும் என்று பட்டது. அவர் தம்பி வீட்டில் தங்கியிருந்தார். மாலையில் போனேன். டீ வந்தது. தொடாமல் வைத்துவிட்டுச் சொன்னேன்.

"பாய், பங்குனியில நான் ஆய்வுக்கு வந்தேன்ல. அந்த மூட்டைங்களப் பார்த்தேன். அக்காளுக்காகத் தடை இல்லன்னு எழுதிட்டேன். உங்கள நான்தான் உள்ள வச்சுப் பூட்டினேன். என்ன சொல்லணுமோ சொல்லிருங்க."

பாய் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். பிறகு உள்ளே எட்டிப் பார்த்து, ஜுலைகா அம்மா பக்கத்தில் இல்லை என்று உறுதி செய்துகொண்டார்.

"ஆபீசர், அந்த இருபத்தாறுல ஒம்போது மூட்டை என்னுது."

"மர-ன்னு எழுதியிருந்துச்சே பாய்?"

"எல்லாத்தையும் உங்க அக்கா பேர்லயே போட்டுருவோம், ஆபீசர் தம்பி வந்தா கண்டுக்க மாட்டாருன்னு யோசனை சொன்னதே நான்தான். நீங்க எழுதினப்போ வாசல்ல நின்னு பாத்துக்கிட்டிருந்தேன். எனக்கு அவ்வளவு நிம்மதி."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்திவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஜுலைகா உள்ள இருந்தாளே, ஆபீசர். அவளுக்கு ஒண்ணும் தெரியாது. அவ ஆட்டிக்கிட்டே இருந்தா." டீயைக் கீழே வைத்துவிட்டு, "என் பேரையும் எழுதிருங்க," என்றார்.

மறுநாள் காலை தனபால் சார் மேசையில் அறிக்கையை வைத்தேன். பொறுப்பானவர் கட்டத்தில் மூன்று பெயர். ஒன்று, மரகதம், என் உடன்பிறந்தவர். இரண்டு, ஷாகுல் ஹமீது. மூன்று, சிங்காரவேலு, நிலைய அலுவலர். சார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"மூட்டை இவங்க ரெண்டு பேருது. சரி. மூணாவது பேர் எதுக்கு? உங்களுக்கும் அதுல அரிசி இருக்கா?"

"இல்லிங்க சார். மூட்டை அவங்களுது. தடை ஏதுமில்லைங்கிறது என்னுது."

அவர் பேனாவைத் திறந்தார். என் பெயருக்கு முன்னால் இருந்த மூன்றை அடித்துவிட்டு ஒன்று என்று எழுதினார். மற்ற இரண்டு எண்களையும் அதற்குத் தக்கபடி மாற்றினார். கீழே கையெழுத்துப் போட்டு, தாளை என் பக்கம் திருப்பி வைத்தார்.